தீட்டுவது கல்லிலா, கழுத்திலா?

முயலைச் சுட்டுப் பழகினால் குறி கூர்மையாகும் என்றொரு பேச்சு நம் இளைஞர்கள் சிலரிடையே உலவி வருகிறது. சிறு துளை ரைபிள் ஒன்றையோ, கடையில் வாங்கிய ஏர்கன் ஒன்றையோ தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளில் மலையேறுவதும், இரவில் டார்ச் விளக்கை அடித்துப் புதர்களிடையே முயல் தேடுவதும், மறுநாள் அதனை வீரமென்று நண்பர்களிடம் சொல்லி மகிழ்வதும் அவர்களுக்குப் பொழுதுபோக்காகி விட்டன. ஏனென்று கேட்டால் ஆயத்தமாக ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி சுடுதல் நல்ல கலை. முயல் ஹலாலான பிராணி. நல்லவை இரண்டையும் சேர்த்துச் செய்வதில் குற்றமென்ன என்பதே அவ்வாதம். நம்மிடம் நேரிலேயே இப்படிக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் தீயவர்களல்லர், தொழுகையைப் பேணுகிற, பெற்றோர் சொல்லுக்கு மதிப்பளிக்கிற பிள்ளைகள்தாம். ஆகவேதான் இவ்வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடாமல், விரிவாக ஆராய்ந்து மறுக்க வேண்டியிருக்கிறது.

நமது விடையை முதலிலேயே சொல்லி விடுகிறோம். சுடுதல் நல்ல கலை என்பது மெய். முயல் ஹலால் என்பதும் மெய். ஆனால் உயிருள்ள ஒன்றைப் பயிற்சிப் பலகையாக்குவது ஹலாலுமாகாது, கலையுமாகாது. மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. துப்பாக்கிக் கலையில் தேர்ந்தவர்களின் அனுபவமும் அதற்கு மாறாகவே இருக்கிறது. இம்மூன்றையும் வரிசையாகக் காண்போம்.

ஓரியின் மலை

வேட்டைக்கு நியாயம் தேடுவோர் தமிழகத்தில் முதலில் துணைக்கழைப்பது வல்வில் ஓரியை. ஓரி ஆண்டது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் சோளக்காடு வரும். அங்கிருந்து மலையின் பல நாடுகளுக்கும் வழி பிரியும். நாடு என்பது அங்கே சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு கூட்டம். அரியூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு எனத் தொடரும் பதினான்கு நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. மிளகும் காப்பியும் வாழையும் மரவள்ளியும் விளையும் மலைச்சரிவுகளில் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் கேரளத்தவரல்லர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி வரும் தமிழ்க்குடியினர்.

ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்து நின்றதென்று புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியிருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பாருங்கள், தமிழரின் மரபே உயிர்களைச் சுட்டுப் பழகுவதுதான் என்று நம் இளைஞர்கள் இதனைச் சான்று காட்டுகிறார்கள். அப்பாடலை முழுவதும் கற்றவர்களுக்கு இரண்டு செய்திகள் புலப்படும். ஓரி அம்பு தொடுத்த அந்நாளில் அவன் கலை முற்றிக் கனிந்திருந்தது. கற்றுக்கொள்வதற்காக அவன் எய்யவில்லை. அவன் வீழ்த்திய மானின் இறைச்சி, வறுமையோடு வந்த பாணர் சுற்றத்திற்கு விருந்தாயிற்று. பயிற்சி முடித்தவன் பசித்தவருக்காக ஆடிய வேட்டையை, பயிற்சியே இல்லாதவன் பொழுதுபோக்குக்காக ஆடும் வேட்டைக்குச் சான்றாக்குவது எவ்வகையில் நியாயம்?

பாடலில் வரும் வேழமும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை. ஓரியின் புகழ் மட்டும் குன்றவில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவையொட்டி வில்வித்தைப் போட்டிகளும் நடந்திருக்கின்றன. அப்போட்டிகளில் அம்பு சென்று தைப்பது வட்டங்கள் வரைந்த பலகையில். ஓரியின் மலையிலேயே, ஓரியின் பெயராலேயே, அவனுடைய கலையை உயிரற்ற இலக்கில் பயிலலாம் என்று மலைமக்கள் காட்டிவிட்ட பிறகு, அங்கே முயல் தேடிப் போகிறவர்கள் எவரைப் பின்பற்றுகிறார்கள்?

எறியும் கலைக்கு மார்க்கம் தந்த மதிப்பு

குறிபார்த்து எய்யும் கலையை நாம் இழித்துரைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அரபியில் அதற்கு ரம்யு என்று பெயர். வலிமை எது என்பதற்கு விளக்கம் தந்த பெருமானார் (ஸல்) அவர்கள், எய்தலே அவ்வலிமை என்று மும்முறை வலியுறுத்தியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அஸ்லம் கோத்திரத்தார் இரு அணிகளாகப் பிரிந்து எய்து விளையாடுவதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளியாக இருந்ததை எடுத்துக்காட்டி அவர்களை உற்சாகப்படுத்தியது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இக்கலையைக் கற்றபின் கைவிடுவதையும் மார்க்கம் கண்டித்திருக்கிறது.

பிற்காலத்தில் ஃபுரூஸிய்யா என்னும் பெயரில் குதிரையேற்றமும் வில்லும் வாளும் ஈட்டியும் ஒரு தனிக் கல்வித்துறையாகவே வளர்ந்தன. ஹிஜ்ரி 751இல், அதாவது 1350ஆம் ஆண்டில், மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களே இத்துறையில் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். மம்லூக் சுல்தான்களின் காலத்தில் கபக் என்றொரு விளையாட்டுப் புகழ்பெற்றிருந்தது. துருக்கி மொழியில் கபக் என்றால் சுரைக்காய். உயரமான கம்பத்தின் உச்சியில் இலக்கை வைத்து, பாய்ந்தோடும் குதிரையின் மேலிருந்து அதை எய்து வீழ்த்த வேண்டும். உலகின் தேர்ந்த குதிரை வில்லாளிகளாகத் திகழ்ந்தவர்கள் பெயரிலேயே சுரைக்காயைக் கொண்ட ஓர் ஆட்டத்தில் தம் திறனைச் சோதித்திருக்க, இன்றைய இளைஞனுக்கு முயல் வேண்டியிருக்கிறது!

அனஸ் (ரலி) பிடித்த முயல்

முயல் ஹலால் என்பதற்கு ஆதாரமான நபிமொழியையும் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் தோழர்கள் ஒரு முயலைக் கிளப்பித் துரத்தினார்கள். துரத்தியவர்கள் களைத்துப் போயினர். இளைஞராயிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டுவர, அவர்கள் அறுத்து, அதன் தொடைக்கறியைப் பெருமானாருக்கு அனுப்பினார்கள்; நாயகமும் ஏற்றுக்கொண்டார்கள். முயலை உண்ணலாம் என்பது இதனால் ஐயமின்றி நிலைபெறுகிறது.

ஆனால் அங்கே நடந்தது என்ன? உணவுக்காக ஒரு முயலைத் துரத்திப் பிடித்தார்கள், முறைப்படி அறுத்தார்கள், பகிர்ந்து உண்டார்கள். நம் ஊர்ப்புறங்களில் முன்பு நாயும் தடியும் வலையும் கொண்டு பலர் கூடி ஆடிய பாரிவேட்டையும் ஏறத்தாழ இத்தகையதே. கிடைத்ததை ஊரார் பங்கிட்டுக் கொண்டனர். அவ்வேட்டைக்கும் இன்று சட்டம் இடந்தராது என்பது வேறு. உணவைத் தேடிச் செல்பவன் உணவு கிடைத்ததும் நிறுத்திக்கொள்வான். பயிற்சி தேடிச் செல்பவனுக்கு நிறுத்துமிடம் ஏது? பயிற்சி என்றாலே திரும்பத் திரும்பச் செய்வது. திரும்பத் திரும்பத் தவறுவது. அத்தவறுகள் ஒவ்வொன்றும் ஓர் உயிரின் காலிலோ வயிற்றிலோ காதிலோ போய்ப் பதிய வேண்டும் என்பதே இவர்கள் கேட்கும் அனுமதி.

அவ்வனுமதி இல்லை என்பதில் நபிமொழிகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. உயிருள்ள எதனையும் இலக்காக்கக் கூடாதென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இன்னொரு நிகழ்ச்சியில், குறைஷிக் குடும்பத்து இளைஞர்கள் ஒரு பறவையை நிறுத்தி வைத்து அம்பெய்து பழகிக் கொண்டிருந்தார்கள். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவைக்குரியவனுக்குச் சேரும் என்பது அவர்களுடைய ஒப்பந்தம். அவ்வழியே இப்னு உமர் (ரலி) அவர்கள் வரக் கண்டதும் அனைவரும் சிதறி ஓடினர். இப்படிச் செய்பவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் அறிவித்தார்கள். வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும்: அவர்கள் செய்துகொண்டிருந்தது குறிபழகுவதுதான். எய்தலைப் புகழ்ந்த அதே நாவுதான் உயிரின் மீது எய்து பழகுவதைச் சபித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் குற்றமென்ன என்னும் கேள்விக்கு இதைவிட நேரான விடை வேறு வேண்டுமா?

ஓடும் முயலும் நிறுத்திய பறவையும்

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அப்பறவை தப்ப இயலாதபடி நிறுத்தி வைக்கப்பட்டது. முயலோ சுதந்திரமாக ஓடக்கூடியது. ஆதலால் அச்சட்டம் இதற்குப் பொருந்தாது என்பர். நாம் கேட்கிறோம்: டார்ச் ஒளியில் முயல் ஓடுகிறதா? இரவில் இரைதேடும் அப்பிராணியின் கண்ணில் திடீரென்று வெளிச்சம் பாய்ந்தால் திகைத்து அப்படியே உட்கார்ந்து விடும். கயிற்றால் கட்டுவதை ஒளியால் கட்டிவிட்டு, கட்டவில்லை என்று வாதாடுவது தன்னையே ஏமாற்றிக் கொள்வதாகும். பகலில் ஓடும் முயலைச் சுடுவோம் என்பார்களாயின் அவ்வாதம் இன்னும் மோசம். நிற்கும் தாளையே சுடத் தெரியாதவன் ஓடும் உயிரைச் சுட்டால் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே மிகுதியாக இருக்கும்.

எல்லாவற்றிலும் செம்மையைக் கடைப்பிடிப்பதை அல்லாஹ் விதித்திருக்கிறான். அறுக்கும்போதும் செம்மையாக அறுக்க வேண்டும். அறுப்பவர் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு இளைப்பாறுதல் தர வேண்டும் என்பது ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. நம் வீடுகளில் குர்பானி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். கத்தியை எங்கே தீட்டுகிறோம்? கல்லில் தீட்டுகிறோம், தீட்டி முடித்த பிறகே ஆட்டிடம் போகிறோம். ஆட்டின் கழுத்தில் அறுத்து அறுத்துக் கத்தியைக் கூர்மையாக்கப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனை என்னவென்போம்? முயலைச் சுட்டுக் குறியைக் கூர்மையாக்குகிறேன் என்பவன் சொல்வதும் அதுவேதான். குறி தவறாதவனுக்குப் பயிற்சிக்கு முயல் தேவையில்லை. குறி தவறுகிறவனுக்கு முயலைச் சுட உரிமையில்லை. இவ்விரு கூட்டத்தாரைத் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் இல்லை.

குண்டைப் பற்றிய ஃபிக்ஹு

சுட்டதை உண்டுவிடுகிறோமே என்பவர்களுக்கு ஃபிக்ஹு நூல்களிலிருந்து ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். துப்பாக்கிக்கு அரபியில் புந்துகிய்யா என்று பெயர். இச்சொல் புந்துக் என்பதிலிருந்து வந்தது. புந்துக் என்பது ஒருவகைக் கொட்டையையும், அக்கொட்டையைப் போல் உருட்டி எறியும் மண்ணுருண்டையையும் குறிக்கும். கூர்முனை துளைத்துக் கொன்ற வேட்டையை உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் விளக்கியதையும், அடிபட்டு இறந்ததைத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 3ஆம் வசனம் தடுத்திருப்பதையும் கொண்டு, மண்ணுருண்டையால் இறந்த பிராணி ஆகாதென்று இமாம்கள் முடிவு செய்தார்கள். வெடிமருந்துத் துப்பாக்கி வந்தபோது அதன் குண்டு துளைப்பதா, மோதிக் கொல்வதா என்னும் ஆராய்ச்சி பிறந்தது. துளைக்கிறது, ஆகவே கூடும் என்றார் இமாம் ஷவ்கானீ (ரஹ்). மோதுகிறது, ஆகவே உயிரோடு பிடித்து அறுத்தாலன்றிக் கூடாது என்போர் ஹனஃபீ ஆலிம்களில் பலர்.

கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஹிஜ்ரி 974இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களின் துஹ்ஃபா மிகுந்த மதிப்புடைய நூல். நெருப்பால் எறியப்படும் குண்டைக் கொண்டு வேட்டையாடுவதை அவர்கள் பொதுவாகத் தடுத்துவிட்டு, பெரிய பறவையின் சிறகு போன்ற இடத்தில் மட்டும் படச்செய்து அதைப் பறக்காமல் நிறுத்திவிட முடியுமென்று உறுதியாக அறிந்த தேர்ச்சியாளனுக்கு வேண்டுமானால் இடமிருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் சொல் ஹாதிக், அதாவது கைதேர்ந்தவன். சட்டம் இளகுகிற அந்த ஒரே இடத்திலும், கைதேர்ந்தவனுக்காக இளகுகிறதேயொழியக் கற்றுக்குட்டிக்காக இளகவில்லை.

ஏர்கன் ஏந்திகளுக்கு இன்னொரு நபிமொழியும் உண்டு. விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் வெல்லாது. ஆயினும் பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்று காரணமும் சொன்னார்கள். அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி). பிள்ளைகளுக்கு ஏர்கன் வாங்கித் தரும் தந்தையர் இந்நபிமொழியைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கலையின் பக்கம் நின்று பார்த்தால்

மார்க்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கலை வளர வேண்டும் என்னும் ஒரே நோக்கோடு பார்த்தாலும் முயல் வேட்டை பயனற்றது. 0.22 அங்குலத் துளை ரைபிள் என்பது சுமார் 5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டை எறிவது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பயன்படுவது இதுவே. அப்போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஏறத்தாழச் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியிலோ நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் தொட்டு வைத்தது போலிருக்கும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள முயலை இருபது முப்பது அடி தொலைவில் வெளிச்சம் போட்டுச் சுட்டு வீழ்த்துகிறவன் தன் குறியைக் கூர்மையாக்குகிறானா, மழுங்கச் செய்கிறானா?

தாளில் விழுந்த துளை பொய் சொல்லாது. மூச்சை அடக்கியதில் பிழையா, விசையை இழுத்ததில் பிழையா, தோளில் ஊன்றியதில் பிழையா என்று ஆசிரியர் அத்துளைகளைப் பார்த்து எடுத்துச் சொல்வார். அடுத்த குண்டு சற்றே நடுவை நெருங்கும். கலை வளர்வது அவ்வாறுதான். முயல் அப்படி எதையும் கற்பிப்பதில்லை. படாமற்போன குண்டு இருட்டில் எங்கே போயிற்றென்று தெரியாது. பட்ட குண்டோடு முயல் புதருக்குள் ஓடி மறைந்தால் அதுவும் தெரியாது. சுட்டவன் தன் பிழையை அறியாமலே வீடு திரும்புகிறான்.

உலகம் இப்பாடத்தை எப்போதோ கற்றுவிட்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கையொட்டி நடந்த போட்டியில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். ஏறத்தாழ 300 பறவைகள் மடிந்தன. அவ்வழக்கம் ஒலிம்பிக்கில் தொடரவில்லை. புறாவின் இடத்தில் களிமண் தட்டு வந்தது. களிமண் புறா என்று பெயர் மட்டும் எஞ்சியது. அதே பாரிஸில் 2024இல் நடந்த ஒலிம்பிக்கில் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பங்கேற்றார். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். 2008இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை அபினவ் பிந்த்ரா பெற்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றதும் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளியை நோக்கிச் சுட்டுத்தான். இப்போட்டிகள் எதிலும் ஓர் உயிர்கூட இலக்காகவில்லை.

ஒரு பெயர், இரண்டு பிராணிகள்

வெளிநாட்டில் சிறு துளை ரைபிளால் முயல் சுடுகிறார்களே என்பர். இங்கே மொழி நம்மை ஏமாற்றுகிறது. அந்நாடுகளில் சுடப்படுவது வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்து விரைவாகப் பெருகும் வேறோர் இனம். 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்கென்று சுமார் இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட, அவை பெருகி அக்கண்டத்தின் மேய்ச்சல் நிலங்களையே அழித்தன. 1950இல் நோய்க்கிருமியைப் பரப்பி அவற்றைக் குறைக்க வேண்டியதாயிற்று. வேட்டை விளையாட்டு தேடிவைத்த வினை அது. நம் மலைகளில் வாழும் கருங்கழுத்துக் காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை, கூட்டமாகவும் வாழ்வதில்லை. புல்மறைவில் தனியாகப் பதுங்கிக் கிடக்கும். ஓர் ஈற்றில் ஒன்று முதல் நான்கு குட்டிகள்தாம் ஈனும். தமிழில் இரண்டுக்கும் முயல் என்றே பெயர் இருப்பதால், அங்கே உழவர் தம் நிலத்தைக் காக்கச் செய்வதை இங்கே பொழுதுபோக்காகச் செய்யலாமென்று கருதுவது அறியாமை.

இவ்வினத்துத் தாய்முயல் பகலில் குட்டிகளோடு தங்குவதில்லை. பகைப்பிராணிகளுக்கு இடம் தெரிந்துவிடாதபடி விலகியிருந்து, இருட்டிய பின்னர் வந்து பாலூட்டிவிட்டுச் செல்லும். டார்ச் விளக்குக்காரன் மலையில் அலைவதும் அந்நேரத்தில்தான். அவன் சுடுவது ஒரு முயலை. சாவது எத்தனையென்று அவனறியான்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைக் கற்ற நம் குடும்பங்களுக்கு இவ்விடத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் நினைவுக்கு வராமற்போகாது. வேடனின் கண்ணியில் சிக்கிய மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடைகேட்க, நாயகம் அவர்கள் அதற்குப் பிணையாக நின்ற வரலாற்றைப் புலவர் உருகிப் பாடியிருக்கிறார். அவ்வரலாற்றின் அறிவிப்புத் தொடர் வலுவுடையதா என்று ஹதீஸ் கலையார் ஆராய்வது வேறு. முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ் முஸ்லிம் இல்லங்கள் அப்படலத்தை ஓதக் கேட்டுக் கண்கலங்கியிருக்கின்றன. அக்கண்ணீரின் வாரிசுகளாகிய நாம், பால் சுரந்த மடியோடு வரும் முயலைச் சுட்டுக் குறிபழகும் பிள்ளைகளை வளர்க்கலாமா?

சட்டமும் நியாயமும்

நாட்டுச் சட்டம் சொல்வதையும் அறிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுமுயலும் இடம்பெற்றிருக்கிறது. கொல்வது மட்டுமன்று, காயப்படுத்துவதும் துரத்துவதும் அவற்றுக்கான முயற்சியும் அச்சட்டத்தில் வேட்டையே. சிறையும் அபராதமும் உண்டு. ஆயுதமும் வாகனமும் பறிமுதலாகும். குறைந்த விசையுள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதைக்கொண்டு முயலைச் சுடலாமென்று நினைப்பவர்கள் பலர். வனச்சட்டம் கையிலிருப்பது என்ன கருவியென்று பார்ப்பதில்லை. வீழ்ந்தது என்ன உயிரென்றே பார்க்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னும் தெளிவு. 0.22 துளை ரைபிளுக்கு அப்பிரிவு சொல்லும் பயன், அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்கில் பழகுவது.

தேவனூர் நாட்டில் பிறந்து வளர்ந்த மலையாளிக் குடிமகனுக்கே வேட்டை உரிமை இல்லை. மலைவாழ் மக்களின் நிலவுரிமையையும் வனவுரிமையையும் ஏற்று 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டமும், மரபுவழி உரிமைகளுள் வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஏழை மலைவாசி கைதானான் என்னும் செய்தி தமிழக மலைப்பகுதிகளிலிருந்து அடிக்கடி வருகிறது. தன் மரவள்ளியைக் காக்க நின்றவன் சிறைக்குப் போக, சமவெளியிலிருந்து காரில் வந்தவன் விலையுயர்ந்த ரைபிளால் அதே காட்டில் சுட்டு அதை விளையாட்டு என்று சொல்லிக்கொள்வதா? ஏழைக்குக் குற்றமாவது செல்வனுக்குக் கலையாகுமென்றால் அது நீதியாகுமா?

பயிற்சிக் கூடத்தில் இலக்குக்குப் பின்னே மண்மேடு எழுப்பியிருப்பார்கள். 0.22 குண்டு சிறிதாயினும், தடுப்பின்றிச் சென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகவல்லது. பாறையில் பட்டால் திசைமாறித் தெறிக்கும். கொல்லிமலையின் சரிவுகளில் வீடுகளும் வயல்களும் கலந்தே கிடக்கின்றன. மிளகு பறிப்பவரும், விறகு சுமப்பவரும், இரவில் பன்றிக் காவலுக்குப் பரணில் படுத்திருப்பவரும் அங்கே உண்டு. முயலுக்குத் தப்பிய குண்டு அவர்களில் எவருக்குத் தப்பாது என்று எவர் உறுதி சொல்ல முடியும்?

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இக்கலையில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு வழியில்லாமல் இல்லை. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தால் 0.22 ரைபிளிலேயே முறையான பயிற்சி கிடைக்கும். ரைபிள் சங்கங்கள் இருக்கின்றன; ஏர் ரைபிள் பயிற்சிக் கூடங்கள் நகரங்களில் பெருகி வருகின்றன. ஆண் பிள்ளைகளைப் போலவே பெண் பிள்ளைகளும் அங்கே பயின்று பரிசு பெறுகிறார்கள். செலவாகுமே என்று தயங்கும் தந்தை, மலைக்குப் போகும் காரின் பெட்ரோலையும், வழக்கென்று வந்தால் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

பிள்ளை துப்பாக்கி கேட்டால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம். உடனே வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். எதைச் சுடப் போகிறாய் என்று கேளுங்கள். தாளை என்று சொன்னால் அழைத்துச் சென்று சேர்த்துவிடுங்கள். முயலை என்று சொன்னால், குர்பானிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் கத்தியையும் தீட்டுக்கல்லையும் எடுத்து அவன் முன் வையுங்கள். கூர்மை எதில் உண்டாகிறது, எதற்காக உண்டாக்கப்படுகிறது என்பதை அவனே சிந்தித்துக் கொள்வான். அறிவோடு இரக்கமும் சேர்ந்த பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பெருகச் செய்வானாக.